ஆதரவற்ற பிள்ளைகளுக்கு உதவ விரும்பும் சபையாருக்கு: டர்பனில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், மெரிபேங்க், டொங்காட் பக்கத்துச் சபைகளில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் இப்போது இரண்டு வகைதான். பாட்டி மடியில் உட்கார்ந்து வேதாகமத்தை எழுத்துக்கூட்டிப் படித்த மூத்தவர்கள் ஒரு பக்கம். வேலைக்காகவோ ஊழியத்துக்காகவோ தமிழ்நாட்டிலிருந்து சமீபத்தில் வந்தவர்கள் இன்னொரு பக்கம். மூத்தவர்களுக்கு ஊர் தெரியும், சட்டம் எவ்வளவு மாறிவிட்டது என்று தெரியாது. புதியவர்களுக்கு ஆர்வம் நிறைய, ஊர்தான் பிடிபடவில்லை. இரண்டு பேரும் கேட்கிற கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. எங்கள் சபையின் பிள்ளைகள் உதவிக் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறவள், அவ்வளவுதான். சட்ட விஷயங்களில் கடைசி வார்த்தை சமூகப் பணியாளருடையது.

தென்னாப்பிரிக்காவில் யாரை அனாதைப் பிள்ளை என்கிறார்கள்?

2005-ஆம் ஆண்டின் 38-ஆம் எண் சட்டம், அதாவது குழந்தைகள் சட்டம், தன்னைப் பராமரிக்கிற பெற்றோர் யாரும் உயிரோடு இல்லாத பிள்ளையை அனாதை என்கிறது. 'பராமரிக்கிற' என்ற சொல்லைக் கவனியுங்கள். அம்மா இறந்துவிட்டாள், அப்பா யார் என்றே தெரியவில்லை, அல்லது எங்கோ போய்விட்டான் என்றால் அந்தப் பிள்ளையின் நிலையும் இதுதான். யூனிசெஃப் கணக்கில் தாய் தகப்பனில் ஒருவரை இழந்தாலே அனாதை. அதனால் செய்தித்தாளில் பெரிய எண்ணைப் பார்த்ததும் அத்தனை பேரும் தெருவில் நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பெரும்பாலானவர்கள் பாட்டி வீட்டிலோ சித்தி வீட்டிலோ இருக்கிறார்கள்.

குவாசூலு-நட்டால் எச்.ஐ.வி.யால் மிக மோசமாக அடிபட்ட மாகாணம். அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.வி. மருந்து கிடைக்கத் தொடங்கியது 2004-ல்தான். அதற்கு முந்திய வருடங்களில் ஒரு தலைமுறைத் தாய்மார்களையே இழந்த வீடுகள் இங்கே உண்டு. அந்தப் பேரப்பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியது இல்லங்கள் இல்லை, பாட்டிமார்கள். சூலுவில் கோகோ, நம் வீடுகளில் ஆயா.

கர்த்தர் பாரத்தைக் கொடுத்திருக்கிறார். நாங்களே ஓர் அனாதை இல்லம் தொடங்கலாமா?

அதிகமாக வருவது இந்தக் கேள்விதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

சட்டப்படி பார்த்தால், குடும்பச் சூழலுக்கு வெளியே ஆறு பிள்ளைகளுக்கு மேல் தங்கவைத்துப் பராமரித்தால் அது 'சைல்ட் அண்ட் யூத் கேர் சென்டர்'. மாகாண சமூக வளர்ச்சித் துறையிடம் பதிவு செய்தாக வேண்டும். நிர்வாகக் குழு, தகுதியுள்ள மேலாளர், பயிற்சி பெற்ற பராமரிப்பாளர்கள், தீயணைப்பு, சுகாதாரம் என்று எல்லாவற்றுக்கும் விதி இருக்கிறது. பதிவில்லாமல் நடத்துவது குற்றம். பதிவு செய்த இல்லமாக இருந்தாலும், பிள்ளையை அங்கே அனுப்புவது நீங்களோ பாஸ்டரோ இல்லை, குழந்தைகள் நீதிமன்றம். 'அந்த அம்மா வந்து அழுதாங்க, நாங்க பிள்ளையை வைத்துக்கொண்டோம்' என்பது ஊரில் நடந்திருக்கலாம். இங்கே அது பெரிய சிக்கலில் கொண்டுபோய் விடும்.

சரி, சட்டத்தை ஒதுக்கி வைப்போம். இல்லம் வேண்டுமா என்றால், என் அபிப்பிராயம்: பத்தில் ஒன்பது சபைகளுக்கு வேண்டாம். ருமேனியாவில் புக்கரெஸ்ட் நகரில் 2000-ல் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். இல்லங்களில் இருந்த 136 கைக்குழந்தைகளில் பாதிப் பேரைச் சீட்டுக் குலுக்குவது போலத் தேர்ந்தெடுத்து வளர்ப்புக் குடும்பங்களில் வைத்தார்கள். மற்றவர்கள் வழக்கமான பராமரிப்பிலேயே தொடர்ந்தார்கள். குடும்பத்துக்குப் போன குழந்தைகள் அறிவு வளர்ச்சியிலும், பெரியவர்களோடு ஒட்டி உறவாடுவதிலும் முன்னே போனார்கள். அதிலும் இரண்டு வயதுக்கு முன்பே போனவர்களுக்குத்தான் பலன் அதிகம். இல்லத்துக் காப்பாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் எட்டு மணி நேரத்தில் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போய்விடுவார். ராத்திரி காய்ச்சலில் முழித்துக்கொண்ட குழந்தை யார் பேரைச் சொல்லிக் கூப்பிடும்?

இல்லமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொந்தக்காரர்களே தீங்கு செய்த பிள்ளைகள் உண்டு, வீட்டுக்கு வீடு மாறி மாறி நொந்துபோன பதின்வயதுப் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு நல்ல இல்லம் தேவை. டர்பனில் பதிவு பெற்ற இல்லங்கள் ஏற்கெனவே இருக்கின்றன, ஆளும் பணமும் போதாமல் திணறிக்கொண்டு. புதிதாகக் கல்வெட்டு வைப்பதை விட அவற்றில் ஒன்றுக்குப் பத்து வருடம் தோள் கொடுப்பது நல்லது. கல்வெட்டில் பெயர் வராது என்பதுதான் பலருக்கு இதில் உள்ள கஷ்டம் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இல்லம் வேண்டாமென்றால் யாக்கோபு 1:27-ஐ எப்படிக் கைக்கொள்வது?

திக்கற்ற பிள்ளைகளும் விதவைகளும் படுகிற உபத்திரவத்திலே அவர்களை விசாரிப்பதுதான் மாசில்லாத பக்தி என்கிறது அந்த வசனம். பிள்ளையையும் விதவையையும் அது சேர்த்தே சொல்கிறது. பிள்ளையைத் தனியாகப் பிரித்து எங்காவது வைக்கச் சொல்லவில்லை. நம் வேலை பெரும்பாலும் பிள்ளையை வைத்திருக்கிற அந்தக் கிழவியின் வீட்டில்தான் இருக்கிறது.

எங்கள் குழுவுக்குத் தெரிந்த ஓர் ஆயா, மகள் போன பிறகு இரண்டு பேரப்பிள்ளைகளை வளர்க்கிறார். அவருடைய சொத்து முழுவதும் செக்கர்ஸ் கடையின் ஒரு பிளாஸ்டிக் பையில் இருக்கும்: அவருடைய அடையாளப் புத்தகம், மகளின் இறப்புச் சான்று, பெரியவனின் பிறப்புச் சான்று, சின்னவளின் 'ரோட் டு ஹெல்த்' தடுப்பூசிப் புத்தகம். சின்னவளுக்குப் பிறப்புச் சான்று இல்லை. அதற்காகக் காலை ஐந்து மணிக்கே டாக்ஸி பிடித்து வரிசையில் நிற்பார். மதியம் சிஸ்டம் ஆஃப்லைன் என்று திருப்பி அனுப்புவார்கள். மறுபடியும் டாக்ஸி காசு. இவருக்குத் தேவைப்பட்டது கேக் இல்லை, ஹாம்பர் என்கிற மளிகைப் பொட்டலம் கூட இல்லை. காரில் கூட்டிக்கொண்டுபோய், கூடவே வரிசையில் நின்று, கவுண்டரில் ஆங்கிலத்தில் தெளிவாகப் பேசக்கூடிய ஓர் ஆள். எங்கள் வாலிபர் கூட்டத்தில் வேலைக்குக் காத்திருந்த ஒரு தம்பி அந்த வேலையை எடுத்துக்கொண்டான். ஸ்தோத்திர ஜெபத்தில் யாரும் அவன் பெயரைச் சொல்லவில்லை. சான்றிதழ் வந்துவிட்டது.

மற்றபடி, வாரம் ஒரு சாயங்காலம் வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுப்பது, ஆயா கிளினிக் போகிற நாளில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது, கூரை ஒழுகினால் தகரம் மாற்றிக் கொடுப்பது, ப்ரீபெய்ட் மின்சாரம் தீர்ந்துபோகிற மாதக் கடைசியில் ஒரு வவுச்சர் வாங்கி அனுப்புவது. சின்ன வேலைகள்தான். ஆனால் வருடக்கணக்கில் விடாமல் செய்ய வேண்டும்.

சொந்தக்காரர் வளர்த்தால் அரசு உதவித்தொகை உண்டா?

உண்டு. பலருக்குத் தெரியாததால் வாங்காமல் விடுகிறார்கள். முக்கியமானவை இரண்டு.

ஒன்று, குழந்தை ஆதரவுத் தொகை. 1998-ல் தொடங்கியது. 2025 ஏப்ரலில் மாதம் 560 ரான்ட். வருமான வரம்பு இருக்கிறது. பெற்றோரை இழந்த பிள்ளையைச் சொந்தக்காரர் வளர்த்தால் இதோடு பாதி கூடுதலாக 'டாப்-அப்' சேரும்; அந்த 2025 கணக்கில் 280 ரான்ட் சேர்ந்து 840. இந்த டாப்-அப்புக்கு நீதிமன்ற உத்தரவு வேண்டாம். உதவித்தொகை வழங்கும் அரசு நிறுவனமான சாஸாவில் நேராக விண்ணப்பிக்கலாம். தாய் தகப்பன் இருவரின் இறப்புச் சான்றும் கேட்பார்கள். ஒருவருடைய சான்றுதான் இருக்கிறது, இன்னொருவர் யாரென்றே தெரியாது என்றால் பிரமாணப் பத்திரம் கொடுக்கலாம். பிறப்புச் சான்று இல்லாத பிள்ளைக்குக் கூடப் பிரமாணப் பத்திரத்தின் பேரில் விண்ணப்பிக்க வழியிருக்கிறது. 'பேப்பர் இல்லை, போய்விட்டு வா' என்று கவுண்டரில் சொன்னால் அதோடு விட்டுவிடாமல் மேற்பார்வையாளரைக் கேளுங்கள்.

இரண்டாவது, நீதிமன்றம் ஒப்படைக்கும் பிள்ளையைத் தற்காலிகமாக வளர்ப்பவருக்கான ஃபாஸ்டர் தொகை. அதே 2025 ஏப்ரலில் 1,250 ரான்ட். வருமான வரம்பு இல்லை, ஆனால் குழந்தைகள் நீதிமன்ற உத்தரவு வேண்டும். ஒரு காலத்தில் பாட்டிமார்களை எல்லாம் இந்த வழிக்கு அனுப்பினார்கள். சமூகப் பணியாளர்கள் மூச்சுமுட்டிப் போனார்கள். உத்தரவுகளைப் புதுப்பிக்க ஆளில்லாமல் ஆயிரக்கணக்கானவை காலாவதியாகி, 2011-ல் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் தலையிட்டு அவற்றை நீட்டிக்க வேண்டியிருந்தது. அந்தக் குளறுபடிக்குப் பிறகுதான் டாப்-அப் வந்தது. தொகை குறைவு, ஆனால் சீக்கிரம் கைக்கு வரும்.

பள்ளிக் கட்டணத்துக்குப் பணம் திரட்டப்போகிறோம். நல்லதுதானே?

முதலில் பள்ளியில் கட்டண விலக்கு கேட்டீர்களா? அரசுப் பள்ளிகளில் பல, கட்டணமே வாங்காதவை. கட்டணம் வாங்கும் அரசுப் பள்ளியாக இருந்தாலும், ஃபாஸ்டர் பராமரிப்பிலோ இல்லத்திலோ இருக்கும் பிள்ளைக்கும், சொந்தக்காரர் உதவித்தொகை வாங்கி வளர்க்கும் பிள்ளைக்கும் விலக்கு தானாகவே உண்டு. 2006-லிருந்து விதி இதுதான். படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். பள்ளி தானாக முன்வந்து சொல்லும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

திரட்டிய பணத்தைச் சீருடைக்கும் ஸ்டேஷனரி லிஸ்டுக்கும் ஷூவுக்கும் வையுங்கள். ஜனவரி நடுவில் பள்ளி திறக்கும்போது ஆயாமார்களைக் கலங்கடிப்பது இந்த மூன்றும்தான். ஷூ வாங்கப் பிள்ளையையும் கூட்டிப்போங்கள். பழைய அளவைச் சொல்லி வாங்கிக் கொடுத்தால், விரலை மடக்கிக்கொண்டு 'சரியாயிருக்கு ஆண்ட்டி' என்று சொல்லிவிடும். திருப்பிக் கேட்டால் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம் அதற்கு. குதிகாலுக்குப் பின்னால் உங்கள் சுண்டுவிரல் நுழைகிறதா என்று நீங்களே குனிந்து பார்க்க வேண்டும். பெயர்போன டஃபீஸ் ஷூவே வேண்டும் என்று பிள்ளை கேட்டால், முடிந்தால் வாங்கிக் கொடுங்கள். வகுப்பில் மற்ற எல்லோரும் அதைப் போட்டிருப்பார்கள். தர்ம ஷூ என்று பார்த்ததும் தெரியக் கூடாது.

இல்லத்துக்குப் போகும்போது என்ன வாங்கிக்கொண்டு போவது?

போன் போட்டுக் கேளுங்கள். ஒவ்வொரு இல்லத்திலும் அந்த வாரத்துக்கான பட்டியல் இருக்கும். பொதுவாக டயபர், பால் பவுடர், சானிட்டரி பேட், சலவைத்தூள், எண்ணெய், மீலி மீல் என்கிற சோளமாவு எப்போதும் தேவைப்படும். பழைய துணியில் பொத்தானும் ஜிப்பும் இருக்கட்டும். உங்கள் பிள்ளைக்குப் போடத் தயங்குகிற துணியை மூட்டை கட்டாதீர்கள். பழைய உள்ளாடை வேண்டவே வேண்டாம் என்று நாகரிகமாக எழுதிப் பார்த்தேன், வரவில்லை. அதனால் இப்படியே விடுகிறேன்.

மண்டேலா நாளில் 67 நிமிடம் செலவிட வரலாமா?

ஜூலை 18 மண்டேலாவின் பிறந்தநாள். 2009-ல் ஐ.நா. அதை அறிவித்தது. அவர் பொதுவாழ்வில் இருந்த 67 வருடங்களுக்காக 67 நிமிடம் என்பது கணக்கு. நல்ல எண்ணம்தான். ஆனால் அன்று இல்லங்களில் நடப்பதைப் பார்க்க வேண்டும். காலையில் ஒரு வங்கிக்காரர்கள், பத்து மணிக்கு ஒரு பள்ளி, மதியம் இரண்டு சபைகள். பிள்ளைகள் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பாட்டுப் பாடி ஒரு கேக் வெட்டுகிறார்கள். சாயங்காலம் வயிற்றுவலி. மறுநாள் யாரும் இல்லை.

அந்த வாரத்தில் வரவேண்டும் என்றே இருந்தால் பெயிண்ட் பிரஷோடு வாருங்கள், சுவர் அடித்துவிட்டுப் போங்கள். பிள்ளைகளோடு பழக வேண்டும் என்றால் வருடம் முழுவதும் ஒரே ஆள் ஒரே கிழமையில் வர முடியுமா என்று யோசித்துச் சொல்லுங்கள். மூன்று வாரம் வந்து மடியில் உட்காரவைத்துக் கதை சொல்லிவிட்டு நான்காவது வாரம் காணாமல் போனால், ஏற்கெனவே பெரியவர்கள் காணாமல் போவதைப் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு நீங்களும் அதையே காட்டினீர்கள் என்று ஆகும்.

பிள்ளைகளோடு எடுத்த படத்தை வாட்ஸாப் ஸ்டேட்டஸில் போடலாமா?

கூடாது. குழந்தைகள் நீதிமன்ற வழக்கில் உள்ள பிள்ளையை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவது குழந்தைகள் சட்டத்தில் தடை செய்யப்பட்டிருக்கிறது. இல்லத்தில் இருக்கும் பிள்ளைகள் எல்லோருமே அப்படி நீதிமன்றம் வழியாக வந்தவர்கள்தான். தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் கெடுபிடி வேறு இருக்கிறது. முகத்தின் மேல் ஸ்மைலி ஒட்டிப் போட்டாலும் பள்ளிச் சீருடை காட்டிக்கொடுத்துவிடும்.

'நன்கொடையாளர்களுக்குச் சாட்சி வேண்டாமா' என்பார்கள். ரசீது போதும். வலதுகை செய்கிறதை இடதுகை அறியாதிருக்கக்கடவது என்று மத்தேயு 6-ல் இருப்பது ஃபேஸ்புக்குக்கும் பொருந்தும்.

நாம் உதவும் பிள்ளையை வீட்டில் யாரோ துன்புறுத்துவது தெரியவந்தால்? பாஸ்டரிடம் சொல்லி ஜெபித்தால் போதுமா?

ஜெபியுங்கள், அன்றைக்கே புகாரும் கொடுங்கள். குழந்தைகள் சட்டத்தின் 110-ஆம் பிரிவு யார் யார் கட்டாயம் புகார் கொடுக்க வேண்டும் என்று பட்டியல் போடுகிறது. ஆசிரியர், நர்ஸ், சமூகப் பணியாளர் இவர்களோடு மதப் போதகரும் மதத் தலைவரும் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லியே இருக்கிறார்கள். நல்லெண்ணத்தோடு, நியாயமான காரணத்தின் பேரில் சொன்னவர் மேல் வழக்குப் போட முடியாது. சொல்லாமல் மறைத்தவர் மேல் போடலாம். காவல் நிலையம், சமூக வளர்ச்சித் துறை, அல்லது பதிவு பெற்ற குழந்தைப் பாதுகாப்பு அமைப்பு, எங்கே வேண்டுமானாலும் சொல்லலாம். பிள்ளைகளுக்கான உதவித் தொலைபேசி சைல்ட்லைன் எண் 116, இலவசம்.

மூப்பர்கள் கூடி, குடும்ப மானம் போய்விடும் என்று பேசி முடிக்கிற வழக்கம் நம்மிடம் உண்டு. துன்புறுத்தியவர் கையை உயர்த்தி மனந்திரும்பியதாகச் சொன்னதும் எல்லோரும் அழுது கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். பிள்ளை அதே வீட்டுக்குத்தான் திரும்பிப் போகும். இது நடக்கவே கூடாது.

இன்னொன்று. பிள்ளைகளோடு வேலை செய்கிற எவரும், சம்பளமில்லாத சண்டே ஸ்கூல் அக்காவாக இருந்தாலும், தேசியக் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டின் 'பி' பகுதியில், அதாவது பிள்ளைகளோடு வேலை செய்யத் தகுதியற்றவர்கள் பட்டியலில், தன் பெயர் இல்லை என்ற சான்று வாங்க வேண்டும். பாலியல் குற்றவாளிகளுக்கான பதிவேடு வேறு, அதையும் பார்க்க வேண்டும். 'என்னையே சந்தேகப்படுகிறீர்களா' என்று கோபித்துக்கொள்கிறவரை நாங்கள் சமையல் குழுவுக்கு மாற்றிவிடுவோம்.

பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான் என்று நீதிமொழிகள் 13:24 சொல்கிறதே?

இல்லத்திலும் ஃபாஸ்டர் வீட்டிலும் பிள்ளையை அடிப்பதற்கு அனுமதி இல்லை. சொந்த வீட்டிலும் 'திருத்துவதற்காக அடித்தேன்' என்ற வாதம் இனிச் செல்லாது என்று அரசியல் சாசன நீதிமன்றம் 2019 செப்டம்பர் 18 அன்று தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கை அதுவரை கொண்டுபோனது மதச் சுதந்திரத்துக்காக வாதாடிய ஒரு கிறிஸ்தவ அமைப்புதான். தோற்றது. வசனத்தைப் பற்றி உங்களோடு சண்டை போட நான் வரவில்லை. ஏற்கெனவே அடி வாங்கி வந்த பிள்ளைக்கு ஓங்கிய கை என்றால் என்ன அர்த்தம் என்பதை மட்டும் நினைத்துப் பாருங்கள்.

உதவி வாங்கும் பிள்ளை இந்து வீட்டுப் பிள்ளை. சபைக்குக் கூட்டி வரலாமா?

வீட்டுப் பெரியவர் சம்மதித்து, பிள்ளையும் ஆசைப்பட்டு வந்தால் வரட்டும். ஹாம்பர் வாங்க வந்தவர்களைக் கூட்டம் முடியும் வரை உட்காரவைப்பது எனக்குப் பிடிக்காது. பசித்தவனிடம் விலை கேட்கிற மாதிரி இருக்கிறது. ஃபாஸ்டர் பராமரிப்பில் வைக்கும்போது பிள்ளையின் மதம், பண்பாடு, மொழிப் பின்னணி பற்றிய சமூகப் பணியாளரின் அறிக்கையை நீதிமன்றம் பார்க்கிறது. உங்கள் வீட்டுக்கு வந்த இந்துப் பிள்ளை தீபாவளிக்கு விளக்கேற்ற வேண்டும் என்றால் ஏற்றட்டும்.

டர்பனில் இதைப் பேசும்போது ஒன்றை மறக்கக் கூடாது. இந்து அமைப்பான ஆரிய யுவக் சபைக்காரர்கள் 1921-லேயே கேட்டோ மேனரில் ஆதரவற்றோர் இல்லம் தொடங்கிவிட்டார்கள். அதுதான் இப்போதைய ஆரியன் பெனிவலண்ட் ஹோம். இந்த வேலை நமக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்தது கிடையாது.

நம் சபைகளுக்கு இந்த ஊழியத்தில் பழைய வேர் உண்டா?

உண்டு. 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பலான 'ட்ரூரோ' டர்பனுக்கு வந்தது. 1862-ல் மெதடிஸ்ட் போதகர் ரால்ஃப் ஸ்டாட் வந்தார். இலங்கையில் ஊழியம் செய்து தமிழ் கற்றவர். பிற்பாடு ஆங்கிலிக்கன் சபையின் டாக்டர் லான்சலட் பூத், புனித எய்டன் மிஷன் வழியாக ஒப்பந்தக் கூலிகளுக்கு மருத்துவம் பார்த்தார். புனித எய்டன் மருத்துவமனை அதிலிருந்து வளர்ந்ததுதான். கரும்புத் தோட்ட லைன் வீட்டில் ஒரு தாய் இறந்தால் பக்கத்து அறைக்காரி பிள்ளையை எடுத்து வளர்த்த கதை நம் பல குடும்பங்களில் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவரைக் கேட்டுப் பாருங்கள்.

யாராவது பச்சைக் குழந்தையைச் சபை வாசலில் விட்டுவிட்டுப் போனால்?

தூக்குங்கள், கதகதப்பாகச் சுற்றுங்கள், காவல்துறைக்கோ சமூகப் பணியாளருக்கோ உடனே சொல்லுங்கள். குழந்தைக்கு முடியவில்லை என்று தோன்றினால் முதலில் மருத்துவமனை. 'கர்த்தர் கொடுத்த ஈவு' என்று வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். தற்காலிகப் பாதுகாப்பில் வைத்து, 90 நாளுக்குள் சமூகப் பணியாளர் விசாரித்து அறிக்கை தர வேண்டும் என்பது விதி. அந்தத் தாயைத் தேடுவதும் அதில் அடங்கும். மனம் மாறித் திரும்பி வந்த தாய்மார்கள் உண்டு.

ஜோகன்னஸ்பர்க்கில் 1999-ல் ஒரு பாப்டிஸ்ட் சபையினர் சுவரில் ஒரு துவாரம் அமைத்து, தாய்மார்கள் குழந்தையைப் பத்திரமாக வைத்துவிட்டுப் போக வழிசெய்தார்கள். 'டோர் ஆஃப் ஹோப்' என்று பெயர். ஆனால் குழந்தையைக் கைவிடுவது சட்டப்படி குற்றம்தான். அதனால் இந்த மாதிரிப் பெட்டிகளைப் பற்றிய வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. நீங்களாக ஒன்றை அமைக்காதீர்கள்.

தத்தெடுப்பதற்கும் ஃபாஸ்டருக்கும் என்ன வித்தியாசம்?

தத்து நிரந்தரம். பிள்ளை சட்டப்படி உங்கள் பிள்ளை ஆகிவிடும். ஃபாஸ்டர் பொதுவாக இரண்டு வருட உத்தரவு, புதுப்பிக்கலாம். மேலே சொன்ன ஃபாஸ்டர் தொகை தத்துக்குக் கிடையாது. தத்தில், பத்து வயதோ அதற்கு மேலோ ஆன பிள்ளையின் சம்மதமும் வேண்டும். பெற்ற தாய் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட பிறகும் 60 நாளுக்குள் மனம் மாறலாம். அந்த அறுபது நாளும் தொட்டிலைப் பார்த்துக்கொண்டே தூக்கம் வராமல் கிடந்த ஒரு தம்பதியை எனக்குத் தெரியும். அந்த நாட்களில் சபை செய்ய வேண்டியது, 'என்ன ஆச்சு' என்று தினமும் போன் போடாமல் இருப்பது.

சிவப்பாக வேண்டும், பெண் பிள்ளை வேண்டாம், சூலுப் பிள்ளை வேண்டாம் என்கிறவர்களும் வருகிறார்கள். சமூகப் பணியாளர்கள் பொறுமையாக எழுதிக்கொள்கிறார்கள். எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

பணம் எங்கே போகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கேளுங்கள். கேட்பது அவிசுவாசம் ஆகாது. நம் பிரசங்கங்களில் அடிக்கடி வருகிற ஜார்ஜ் முல்லரை எடுத்துக்கொள்ளுங்கள். 1836-ல் பிரிஸ்டலில் இல்லம் தொடங்கியவர், யாரிடமும் கையேந்தாமல் ஜெபித்தே நடத்தினார் என்று சொல்வோம். வந்த ஒவ்வொரு காசுக்கும் அவர் கணக்கு எழுதி, வருடாந்திர அறிக்கையாக அச்சடித்து வெளியிட்டதை ஏனோ சொல்வதில்லை. கணக்கு எழுதுகிறவள் என்பதால் எனக்கு இது கண்ணில் பட்டிருக்கலாம்.

இங்கே பார்க்க வேண்டியவை: 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் என்.பி.ஓ. (லாப நோக்கமற்ற அமைப்பு) பதிவு எண் இருக்கிறதா, இல்லமாக நடத்தும் பதிவுச் சான்று இருக்கிறதா, கடைசி வருடத் தணிக்கை அறிக்கையைக் காட்டுவார்களா. வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவின்படி ரசீது தருகிற அமைப்பாக இருந்தால், உங்கள் வரிவிதிக்கத்தக்க வருமானத்தில் 10 சதவீதம் வரையிலான நன்கொடைக்கு வரிச்சலுகை உண்டு. பாஸ்டரின் சொந்த வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னால், அவர் எவ்வளவு பரிசுத்தவானாக இருந்தாலும் அனுப்ப வேண்டாம்.

பிரியாணி விற்றுப் பணம் திரட்டுவது லாபமா?

ஆட்டிறைச்சி என்றால் பல நேரம் இல்லை. கோழி, அல்லது பயறு போட்ட சைவ பிரியாணி என்றால் மிஞ்சும். டிக்கெட்டை முன்பே விற்று, எண்ணிக்கை தெரிந்த பிறகு பானை ஏற்றுங்கள். பார்சல் டப்பா, கேஸ், தயிர், சாலட் எல்லாவற்றையும் செலவில் எழுதுங்கள். 'அது நான் போட்டுக்கொள்கிறேன்' என்று நான்கு ஆண்ட்டிமார் சொந்தக் காசைப் போடுவதால்தான் கணக்கில் லாபம் தெரிகிறது. அதே காசை நேராகக் கொடுத்திருந்தால் சனிக்கிழமை தூங்கியிருக்கலாம். ஆனால் விடியற்காலையில் வெங்காயம் வதக்கிக்கொண்டே பேசுகிற பேச்சில்தான் யார் வீட்டில் எந்தப் பிள்ளைக்குக் கஷ்டம் என்பது வெளியே வருகிறது. அதனால் நாங்கள் நிறுத்தவில்லை.

எனக்குச் சூலு தெரியாது. பயனுண்டா?

உண்டு. இல்லங்களில் சூலு பேசும் பிள்ளைகள் நிறைய. அவர்களே உங்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள், உங்கள் உச்சரிப்பைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சவுபோனா (வணக்கம்), ங்கியபோங்கா (நன்றி) இரண்டையும் வைத்துக்கொண்டு ஆரம்பிக்கலாம்.

18 வயதானதும் என்ன ஆகிறது?

பராமரிப்பு உத்தரவு 18-ல் முடிகிறது. படித்துக்கொண்டோ பயிற்சியிலோ இருந்தால் 21 வரை நீட்டிக்க விண்ணப்பிக்கலாம், ஆனால் 18 முடிவதற்குள் அந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள். சபைகள் அநேகமாக எட்டிப் பார்க்காத இடம் இது. கைக்குழந்தைக்கு ஸ்வெட்டர் பின்ன முப்பது பேர் வருவார்கள். மீசை முளைத்த பையனுக்கு ஓட்டுநர் உரிமக் கட்டணம் கட்ட ஆள் கிடைப்பதில்லை. உங்களில் யாருக்காவது கடை, வொர்க்‌ஷாப், தச்சுப் பட்டறை, கணக்கர் அலுவலகம் இருந்தால், விடுமுறையில் ஒரு பிள்ளைக்கு வேலை கொடுங்கள், சம்பளமும் கொடுங்கள். வங்கிக் கணக்கு திறக்கவும், சி.வி. எழுதவும், வாடகை ஒப்பந்தம் படிக்கவும் யாராவது கூட உட்கார வேண்டும். இதற்கு ஆள் வேண்டும் என்று எங்கள் குழுவில் பெயர் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இப்போதைக்கு ஒரு பிளம்பரும் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியையும்தான் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.